அரைப்பேர்

மலையகத் தோட்டங்களில் பேர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மனிதருக்கு வைக்கும் பேர். இன்னொன்று ஒரு நாள் கூலி. தோட்டம் விதித்த ராத்தல் கணக்குக்குக் கொழுந்து பறித்துப் போட்டால் செக்ரோலில் அன்றைக்கு முழுப்பேர் விழும். மழையில் நனைந்து, அட்டை கடித்து, ராத்தல் குறைந்துபோனால் அரைப்பேர். எங்கள் ஆயா கடத்தூருக்கு வந்து முப்பது வருசம் கழித்தும் இப்படித்தான் பேசும். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, "இன்னிக்கி அளவு பத்தலன்னு அரைப்பேர் போட்டுட்டானுங்க கண்ணு" என்று சொல்லும். கூட வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். சிலோன்காரி பேச்சு என்பார்கள்.

ஆயா 2016ல் இறந்துபோனது. அதனுடைய தகரப்பெட்டியில் இருந்தவை: பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, தாத்தாவின் போட்டோ, பிறகு ஒரு மடித்த காகிதம். காகிதத்தில் ஏதோ ஒரு எண்ணும் தோட்டத்தின் பேரும் பென்சிலில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தைச் சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். வருசத்துக்கு ஒரு தடவையாவது ஆயா அதை எடுத்து விரித்து, "இது என் சேமலாபம்டா" என்று காட்டும்.

சேமலாபம் என்ற சொல் கடத்தூரில் யாருக்கும் விளங்கவில்லை. இலங்கையில் அதற்கு ஊழியர் சேமலாப நிதி என்று பேர். இங்கே அதையே வருங்கால வைப்பு நிதி என்கிறோம், பேச்சில் பி.எஃப். பெரிய கம்பெனிக்காரர்களுக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டும் உரிய சங்கதி என்று எங்கள் காலனியில் நினைத்திருந்ததால், சேற்று மண்ணில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவிக்கு அது உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தமிழ் எம்.ஏ. முடித்த பிறகுதான், அதுவும் மலையகச் சிறுகதைகளைப் படித்தபோதுதான், ஆயா இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது பணத்தைப் பற்றி என்று புரிந்தது. வெட்கப்பட வேண்டிய விசயம். வெட்கப்பட்டேன்.

ஒரு நாட்டில் உழைத்து, முதுமைக்கென்று சேர்த்த பணத்தை இன்னொரு நாட்டில் இருந்துகொண்டு கேட்பது என்பது இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற காரியம். அப்படிக் கேட்கிற உரிமை யாருக்கு எழுதிக் கையில் கொடுக்கப்பட்டது, யாருக்குப் பென்சில் எழுத்தாக நின்றுபோனது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

கடத்தூர் அன்றைக்குச் சேலம் ஜில்லா. 1965ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 குடிக்கணக்கையும் 1881 குடிக்கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜில்லாவின் மக்கள் தொகையில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் எத்தனை, ஓடியவர்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் செத்ததும் முதலில் ஓடியதும் நிலமில்லாதவர்கள்தான். பண்ணையாள் வேலை இல்லாமல் போனால் சேரிக்கு வேறு என்ன இருந்தது? சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் பறையரும் பள்ளரும் சக்கிலியரும் கங்காணியின் பின்னால் நடந்தார்கள். தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதி இந்த மூன்று சாதியார். கங்காணிகளிலும் கணக்கப்பிள்ளைகளிலும் பெரும்பகுதி வேறு சாதியார். ஊர் சேரி ரெண்டும் அப்படியே கப்பலேறிப் போய் மலையில் இறங்கின, ஊர் கங்காணி வீடாகவும் சேரி லயமாகவும் ஆயின.

அந்தக் காலத்துக் கணக்கு எழுதும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கூலியின் கணக்கு எழுதத் தெரியாமல் போயிற்று என்று பிற்காலத்தில் சாக்குச் சொல்கிறார்கள். தெரியாமல் இல்லை. 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. இந்த ஆள் இத்தனை ரூபாய் கடன் பட்டிருக்கிறான், இதைக் கட்டுகிற தோட்டம் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆள் தோட்டம் மாறினால் கடனும் அணா பைசா பிசகாமல் கூடவே மாறும். அப்பன் கடன் மகன் தலையில் ஏறும். 1921ல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். அதோடு தகரத்துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகரத்தைக் கூலியின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், முகாமில் போடும் சோறு எல்லாம் அந்த எண்ணுக்குப் பற்று எழுதப்படும். மண்டபத்திலிருந்து கண்டிச் சீமை வரைக்கும் எங்கேயும் ஆள் மாறவில்லை, எண் மாறவில்லை. கூலி கொடுக்க வேண்டியதை எழுதும்போது எழுத்து அத்தனை துல்லியமாக இருந்தது. கூலிக்குக் கொடுக்க வேண்டியதை எழுதும் காலம் வந்தபோதுதான் எழுத்து கோணலாயிற்று.

அந்தக் காலம் 1958ல் வந்தது. அந்த வருசத்து 15ஆம் எண் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை உண்டாக்கிற்று. தொடக்கத்தில் தொழிலாளி கூலியில் நூற்றுக்கு 4, முதலாளி 6 செலுத்த வேண்டும். இப்போது 8, 12. நிதியை மத்திய வங்கி வைத்திருக்கும், கொடுப்பது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. சில தோட்டங்களின் கணக்கு மட்டும் துரைமார் காலத்துச் சேமலாபச் சங்கங்களிலேயே தொடர்ந்தது. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் வயது ஆகும் முன்னரே எடுக்கலாம். சட்டம் நல்ல சட்டம்தான். குடியுரிமை இல்லாதவனுக்கும் அது பொருந்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1948ல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கிய அதே அரசு, பத்து வருசம் கழித்து அவர்கள் கூலியில் நூற்றுக்கு நாலைப் பிடித்து அவர்கள் பேரில் வரவு வைக்கத் தொடங்கியது.

1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (1974ல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) யார் எங்கே போக விரும்புகிறார்கள் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. மாட்டைப் பாகம் பிரிப்பது போல என்று பலரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுத வேண்டியதில்லை. நம் பேச்சுக்கு முக்கியமானது அந்த ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காமல் போகிற ஒரு பிரிவு. இந்தியாவுக்குப் போகிறவர்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தங்கள் சொத்து முழுவதையும் இறுதியாகப் புறப்படும்போது கொண்டுபோக இலங்கை அனுமதிக்கும். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டங்களுக்கு உட்பட்டு. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கப்படாது.

இதை மெதுவாகப் படிக்க வேண்டும். நாலாயிரம் தருகிறேன் என்று சொல்லவில்லை. நாலாயிரம் வரைக்குமாவது உன் பணத்தை நீ எடுத்துப்போவதைத் தடுக்க மாட்டேன் என்று சொல்கிறது. பணிக்கொடை என்று எழுதியிருக்கிறார்களே, அதைக் கட்டாயமாக்கிய சட்டம் இலங்கையில் 1983ல்தான் வந்தது. அடுத்த வருசம் ராமேஸ்வரம் கப்பலே நின்றுபோயிற்று. இந்தியா அந்தப் பிரிவில் என்ன ஏற்றுக்கொண்டது? ஒன்றும் இல்லை. பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பு எந்த வரியிலும் எந்த அரசுக்கும் வைக்கப்படவில்லை.

இரண்டு அரசுகளுக்கு நடுவே ஓய்வூதியத்தைக் கடல் தாண்டிக் கொடுக்க வழி தெரியாமல் இப்படி எழுதினார்களா? இதே இந்தியா அதற்குப் பதினாறு வருசம் முன்னால் என்ன செய்தது என்று பார்ப்போம். 1948 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஸ்டெர்லிங் நிலுவை பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. யுத்த காலத்தில் இந்தியாவிடம் வாங்கிய பொருளுக்காகப் பிரிட்டன் கடன்பட்டிருந்த பணம்தான் அந்த நிலுவை. அதிலிருந்து, இந்தியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் போய் உட்கார்ந்துவிட்ட அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக 14 கோடியே 75 லட்சம் பவுனையும், மாகாண அரசுகளின் ஓய்வூதியர்களுக்காக 2 கோடியே 5 லட்சம் பவுனையும் இந்தியா மொத்தமாகப் பிரிட்டனிடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் தொகையாக அறுபது வருசத்துக்கு அது பட்டுவாடா ஆவதற்கு ஏற்பாடு. அன்றைய மாற்று விலையில் மொத்தம் சுமார் 224 கோடி ரூபாய். பிரிவினையில் கோடிக்கணக்கான பேர் தெருவில் நின்ற வருசம் அது. நேற்றுவரை நம்மை ஜெயிலில் போட்ட கலெக்டருக்கும் போலீஸ் சூப்பிரண்டுக்கும் லண்டனில் மாதம் பிறந்தால் பணம் போக வேண்டும் என்பதில் புதுசாகப் பிறந்த நாடு அவ்வளவு கவனமாக இருந்தது. கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. வேலை பார்த்தவனுக்கு வாக்குக் கொடுத்தது வாக்குதான். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,25,000 பேரைக் குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று பிரித்தால் ஒரு லட்சத்து ஐயாயிரம் குடும்பம். எல்லாருக்கும் அந்த நாலாயிரத்தை முழுசாகக் கொடுத்திருந்தாலும் 42 கோடி. இந்தப் பணமும் கொடுப்பவனுடைய தர்மம் இல்லை, பறித்தவர்களுடைய சொந்தப் பணம்.

எங்கள் குடும்பம் 1974ல் வந்தது. அதற்கு முந்தைய வருசமும் அந்த வருசமும் தோட்டங்களில் பட்டினி. மாவு ரேசன் குறைந்தது, விலைவாசி ஏறியது, வேலை நாள் குறைந்தது. "மரவள்ளிக் கெழங்குத் தோலக்கூட விடல" என்று ஆயா சொல்லும். அப்போது அப்பாவுக்கு ஏழு வயசு. பாஸ்போர்ட் ஏற்கெனவே வந்திருந்தது. போகலாமா இருக்கலாமா என்று இழுத்துக்கொண்டிருந்த தாத்தா, பட்டினியைப் பார்த்துப் போய்விடலாம் என்று முடிவு செய்தார். புறப்படும் முன் தோட்டத்து ஆபீசில் சேமலாபத்துக்கு ரெண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். ஆயா சொன்னதை அது சொன்னபடியே எழுதுகிறேன்:

"பெரட்டுக் களத்துல நிக்க வச்சி ஒவ்வொருத்தரா கூப்ட்டாங்க. எங்க எட்த்துல உங்க தாத்தா வெரல் வச்சாரு, நான் வெரல் வச்சேன். கிளாக்கரு அய்யா சொன்னாரு, போங்க, ஊருக்குப் போனதும் ஆறு மாசத்துல மணியார்டர் மாதிரி வந்துரும்னு. நம்பர எழுதிக் குடுங்க சாமின்னு நாந்தான் கேட்டேன். அவரு பென்சில எடுத்து எழுதிக் குடுத்தாரு. உங்க தாத்தாவுக்கு ஒன்ற வருசம் களிச்சி வந்துச்சி. எனக்கு வரல. பொம்பள பணம் பொறுமையா வரும்னு உங்க தாத்தா சொல்லுவாரு. பொறுமையாத்தான் வருது."

தலைமன்னாரில் கப்பல். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோன பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. மண்டபம் முகாமில் குடும்ப அட்டை. ஆயாவின் மாமனார் எந்த முகாம் வழியாகப் போனாரோ அதே முகாம் வழியாக இவர்கள் திரும்பினார்கள். பலரை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் அனுப்பினார்கள். அதைவிடப் பலருக்கு வியாபாரக் கடன் என்று எழுதிக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பரம்பரையாகக் கொழுந்து கிள்ளியவனுக்கு என்ன வியாபாரம் தெரியும்? அதுவும் சேரியில் கடை வைத்தால் ஊர்க்காரன் வந்து வாங்குவானா? சேலம் வழியாக ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்துக் கடத்தூருக்கு வந்து சேர்ந்தபோது, தாத்தாவின் பெரியப்பா பிள்ளைகள் பங்குக்கு வந்துவிட்டார்களோ என்று பயந்தார்களாம். பங்கு என்பது காலனியில் ரெண்டு சென்ட் மனை.

ஆயாவின் பணம் ஏன் வரவில்லை? 2012 வாக்கில் நான் உட்கார்ந்து காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆயாவுக்கு ஒரு மாரியம்மன் பேர், ரெண்டு சொல் உள்ள பேர். பாஸ்போர்ட்டில் முதல் சொல் மட்டும். அதுவும் தனி ஆளாக இல்லை, தாத்தாவின் பேருக்குக் கீழே மனைவி என்று. மண்டபத்துக் குடும்ப அட்டையில் ரெண்டாவது சொல் மட்டும். இங்கே முதன்முதலில் போட்ட ரேசன் கார்டில் ஆயா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எழுதியதால் தாத்தாவின் தங்கச்சி பேர். தோட்டத்துச் செக்ரோலில் என்ன பேர் இருந்ததோ அது அந்தக் கிளாக்கருக்குத்தான் வெளிச்சம். பறச்சிக்கு ரெண்டு சொல்லில் பேர் எதற்கு என்று எந்தக் கணக்கப்பிள்ளையாவது நினைத்திருக்கலாம். இல்லை, கட்டத்தில் இடம் இல்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று இப்போது யார் சொல்வது?

இதில் பெண்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984ல்தான் வந்தது. அதுவரை ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்றாலும் பெண்ணுக்குக் குறைவு. குறைவான கூலிக்குக் குறைவான சேமலாபம். அந்தக் கூலியையும் சம்பள நாளில் அப்பனோ புருசனோ போய் வாங்கி வருவதே பல தோட்டங்களில் வழக்கம். தன் பேரில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பெரும்பாலான பெண்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஆயா நம்பரைக் கேட்டு வாங்கியது அதனால்தான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. எழுத்து தெரியாத ஒரு பெண், எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறது.

தொகை எவ்வளவு இருந்திருக்கும்? "ஆயிரத்துச் சொச்சம், ஒரு ஜோடி மாடு வாங்கலாம்" என்பது தாத்தாவின் கணக்கு. சிரிப்பு வரலாம். 1974ல் கடத்தூர்க் காலனியில் சொந்தமாக ஒரு ஜோடி மாடு வைத்திருந்தவன் யாருக்கும் பண்ணையாள் இல்லை. மாட்டுக்கும் பண்ணையாளுக்கும் நடுவில் இருந்தது அந்த ஆயிரம்தான். தர்மபுரி மாவட்டத்தில் தலித்துக்கு ஊரிலிருந்து எந்தச் சொத்தும் வந்ததில்லை. வெளியே போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. அன்றைக்குக் கண்டி, அப்புறம் பெங்களூரும் திருப்பூரும். 2012 நவம்பர் 7ல் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் கொளுத்தப்பட்ட இருநூற்றைம்பதுக்கும் மேலான வீடுகளில் எத்தனையோ வீடு பெங்களூர்க் கூலியில் எழும்பியவை. பீரோவை உடைத்து நகையைச் சூறையாடிவிட்டுத்தான் கொளுத்தினார்கள். வெளியிலிருந்து வரும் காசு எங்களுக்கு என்ன செய்யும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த ஆயிரம் கொழும்பில் கிடந்து என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. 1964ல் ஒப்பந்தம் போட்டபோது இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சரிக்குச் சரி. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பை இறக்கியது. அடுத்த வருசம் இலங்கையும் இறக்கியது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே ஆயா வந்த 1974ல் இலங்கை ரூபாய்க்கு இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு மேலேயே கிடைத்திருக்கும். 1977 நவம்பரில் ஜெயவர்த்தனா அரசு ரூபாயைச் சந்தைக்கு விட்டது, ஒரே அடியில் பாதி மதிப்பு போயிற்று. 2022 நெருக்கடியில் இலங்கை ரூபாய் இந்தியக் காசில் முப்பது பைசாவுக்கும் கீழே இறங்கிப்போயிற்று. 2023ல் அந்த அரசு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது சுமையைத் தூக்கிக் கொடுத்ததும் சேமலாப நிதியின் தலையில்தான். வட்டி ஏறியிருக்கும், உண்மை. ஆனால் வட்டி ஏணியில் ஏறும்போது நாணயம் பள்ளத்தில் உருண்டது.

பிரிட்டன் தன் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கும் அனுப்புகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தால் வருசா வருசம் ஏற்றிக் கொடுக்கும். இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் இருந்தால் முதல் நாள் என்ன தொகையோ அதே தொகைதான் கடைசிவரை. அதை உறைந்த ஓய்வூதியம் என்று சொல்லி அந்த வயதானவர்கள் பல வருசங்களாகப் போராடுகிறார்கள். நியாயமான போராட்டம். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், பார்லிமெண்டில் பேச ஆள் இருக்கிறது. எங்கள் ஆயாவின் ஓய்வுப் பணம் உறைவதற்குக்கூட ஒரு பேர் வேண்டியிருந்தது.

இந்திய அரசு இன்றைக்கு இந்த விசயத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்சு, ஜப்பான், தென் கொரியா என்று ஏறக்குறைய இருபது நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கே போய் வேலை செய்கிற கம்ப்யூட்டர் இஞ்சினியரின் சேமிப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவ்வளவு ஏற்பாடு. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. மலேசியா இல்லை. வளைகுடா நாடுகள் இல்லை. தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து ஆள் போன நாடுகளாகப் பார்த்து விட்டுப்போயிருக்கிறது. மலேயாவில் 1951லேயே சேமநிதி வந்துவிட்டது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டு, சுமார் அறுபதாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்களிலும் பென்சில் காகிதம் வைத்திருந்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஆயா கடைசிக் காலத்தில் முதியோர் உதவித்தொகை வாங்கியது. 1962ல் தமிழ்நாட்டில் இருபது ரூபாயாகத் தொடங்கிய திட்டம் அது. ஆயா சாகும்போது ஆயிரம், 2023ல் ஆயிரத்து இருநூறு ஆயிற்று. இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி, கேலி பேச எனக்கு மனசு வராது. ஆனால் அதை வாங்க ஆதரவற்றவர் என்று சான்று வாங்க வேண்டியிருந்தது. பதினாறு வருசம் தன் கூலியில் பிடித்துக் கொடுத்து, முதலாளியின் பங்கையும் சேர்த்து ஒரு நாட்டின் மத்திய வங்கியில் கணக்கு வைத்திருந்த பெண், வேறொரு நாட்டின் தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்று, எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. சாதிச் சான்றும் அப்படித்தான். தாயகம் திரும்பியவர்கள் பலருக்கு, உன் அப்பன் இங்கே பறையன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுச் சான்று மறுத்த கதைகள் நீலகிரியிலிருந்து இங்கே வரைக்கும் உண்டு. லயத்தில் தண்ணிப் பீலியில் எங்களைத் தள்ளி நிற்க வைத்தவர்களிடம் ஆதாரம் இருந்தது. அதை வாங்கி வரத் தோணவில்லை.

2013ல் ஆயாவுக்காக நான் கடிதம் எழுதினேன். தோட்டத்துக்கு ஒன்று, இன்னோர் அலுவலகத்துக்கு ஒன்று. தோட்டம் எங்கே இருக்கிறது? ஆயா வேலை செய்தபோது வெள்ளைக்காரக் கம்பெனி. 1975ல் அரசுடைமை. 1992ல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்கு. மூன்று கை மாறியதில் செக்ரோல் புத்தகம் எந்தக் கையில்? அந்தத் தோட்டத்திலிருந்து பதில் வரவில்லை. மற்றதிலிருந்து ஒன்று வந்தது. அங்கத்தவர் எண்ணில் ஓர் இலக்கம் தெளிவாக இல்லை, பேருக்கும் அடையாள ஆவணத்துக்கும் பொருத்தம் இல்லை, உரியவரை நிரூபிக்கவும் என்று. மரியாதையான கடிதம்தான். ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "நாந்தான் நான்னு அவங்களுக்கு எப்பிடிறா சொல்றது?" என்று கேட்டது. அப்புறம், "கிளாக்கரு அய்யா ஏழப் போட்டாரா ஒண்ணப் போட்டாரா?" என்று காகிதத்தைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதற்கு ஏழும் ஒன்றும் தெரியாது.

ஒப்பந்தப்படி வந்தவர்கள், ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால், நான்கரை லட்சத்துக்கு நெருக்கம். அவர்களில் 1958க்குப் பிறகு பேர் பதிந்து வேலை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. எத்தனை பேர் முழுசாக வாங்கினார்கள் என்று எந்த அரசும் எண்ணிப் பார்த்ததாக நான் படித்ததில்லை. தோட்டத் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்கிற நண்பர்கள் குடியுரிமையைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்தப் பணத்தைப் பற்றி எழுதவில்லை. காகிதம் வைத்திருந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருக்கிற தோழர்கள் பெரியவர்களின் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு, எண் எழுதின எதுவானாலும் படம் எடுத்து வையுங்கள். அங்கத்தவர் இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம். ஒருவர் ஒருவராக எழுதினால் எங்களுக்கு வந்த மாதிரி மரியாதையான கடிதம் வரும். ஊர் வாரியாக, தோட்டம் வாரியாகப் பட்டியல் போட்டு, சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்திலும் நம் மறுவாழ்வுத் துறையிலும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். இலங்கையில் இப்போதும் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அரசுத் தோட்ட நிறுவனங்களே சேமலாபம் கட்டாமல் வருசக்கணக்காக நிலுவை வைத்த சங்கதி அங்கே பாராளுமன்றம் வரைக்கும் பேசப்பட்டது. அந்தத் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும்.

அப்பா இந்த வருசம் வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறார். அதில் ஆயாவின் பேரை ரெண்டு சொல்லையும் சேர்த்து எழுதச் சொல்லி, கூடவே 'என்கிற' போட்டு மற்றப் பேர்களையும் எழுதச் சொன்னோம். அங்கிருந்தவர் முதலில் முடியாது என்றார். மூன்று தடவை போன பிறகு எழுதிக் கொடுத்தார். விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். எண்ணில் சந்தேகமான இலக்கத்துக்கு ஏழு போட்டு ஒன்று, ஒன்று போட்டு ஒன்று, ஆக இரண்டு விண்ணப்பம்.